ஜாங்கோ பிஜிட்ரிக்கர் ரிவ்யூ: டேபிளுக்கு டேபிள் அதே ட்ரிக்கர் கோடை எழுதறவங்களுக்காக

ஜாங்கோங்கற பைதான் வெப் ஃப்ரேம்வொர்க்லேர்ந்தே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு ட்ரிக்கர் எழுத உதவற லைப்ரரிதான் ஜாங்கோ பிஜிட்ரிக்கர். ட்ரிக்கர்னா டேபிள்ல ரோ சேரும்போதோ மாறும்போதோ அழியும்போதோ டேட்டாபேஸ் தானா ஓட்டற கோடு. போஸ்ட்கிரெஸ்ல ட்ரிக்கர் எழுதின யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாங்க, நமக்கு வேண்டிய லாஜிக் ஒரே ஒரு வரிதான், ஆனா அந்த ஒரு வரியை ஓட வைக்க பதினஞ்சு இருபது வரி சும்மா சுத்தி எழுதணும். மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள்ல எல்லாம் ட்ரிக்கர் உள்ளேயே கோடை எழுதிடலாம். போஸ்ட்கிரெஸ்ல அப்படி இல்ல, முதல்ல தனியா ஒரு ஃபங்ஷன் எழுதணும், அது ட்ரிக்கர் டைப்பை ரிட்டர்ன் பண்ணணும், அப்புறம் இன்னொரு ஸ்டேட்மென்ட் போட்டு அந்த ஃபங்ஷனை டேபிளோட மாட்டணும், இன்சர்ட்டா அப்டேட்டா டெலீட்டா, பிஃபோரா ஆஃப்டரா, ரோவுக்கு ஒரு தடவையா ஸ்டேட்மென்ட்டுக்கு ஒரு தடவையான்னு எல்லாத்தையும் சொல்லணும். பத்து டேபிள் இருந்தா பத்து தடவை இதே கதை, டேபிள் பேரும் ஃபீல்டு பேரும் மட்டும் மாறும்.

வேலை போரடிக்குதுங்கறது கூட பரவால்ல, இந்த மாதிரி காப்பி பேஸ்ட் பண்ற இடத்துலதான் மோசமான பக் உக்காந்துக்கும். உதாரணத்துக்கு பிஃபோர் டெலீட் ட்ரிக்கர்ல கடைசி வரியா ரிட்டர்ன் நியூன்னு எழுதிட்டா என்ன ஆகும் தெரியுமா? டெலீட்ல புது ரோவைக் குறிக்கற நியூங்கற ரெக்கார்டு நல் (NULL), அதாவது காலியாத்தான் இருக்கும், பிஃபோர் ட்ரிக்கர் நல் ரிட்டர்ன் பண்ணா போஸ்ட்கிரெஸ் அந்த ரோவை விட்டுட்டுப் போயிடும், எர்ரரும் வராது, வார்னிங்கும் வராது, டெலீட் ஆச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருப்பீங்க, ரோ அங்கேயே இருக்கும். அங்க ரிட்டர்ன் ஓல்டுன்னு இருக்கணும். இன்சர்ட்டுக்கு எழுதின ஃபங்ஷனை எடுத்து டெலீட்டுக்கும் மாட்டினா நேரா இந்த குழிதான். அதனால இந்த பாய்லர்ப்ளேட்டை, அதாவது திரும்பத் திரும்ப வர்ற இந்த சுத்து வரிகளை, மெஷின் எழுதணும்னு நான் சொல்றதுக்கு முதல் காரணம் இதுதான், டைப்பிங் மிச்சமாகறது ரெண்டாவது.

சரி, ட்ரிக்கரே எதுக்கு, ஜாங்கோல சிக்னல் (சேவ், டெலீட் நடக்கும்போது நம்ம பைதான் கோடைக் கூப்பிடற வசதி) இருக்கேன்னு கேப்பீங்க. சேவ் மெத்தடை ஓவர்ரைடு பண்ணலாம், ப்ரீ சேவ் போஸ்ட் சேவ் சிக்னல் எழுதலாம், எல்லாம் சரி. ஆனா க்வெரிசெட்ல (பல ரோவை மொத்தமா கையாளற ஜாங்கோ ஆப்ஜெக்ட்) நேரா அப்டேட் கூப்ட்டீங்கன்னா சேவும் ஓடாது சிக்னலும் ஓடாது, பல்க் கிரியேட், பல்க் அப்டேட் பண்ணாலும் அதே கதைதான், இது ஜாங்கோ டாக்குமென்டேஷன்லயே தெளிவா போட்டிருக்கு. அது போக யாரோ ஒருத்தர் ஷெல்லைத் திறந்து எஸ்க்யூஎல் அடிப்பாங்க, ரிப்போர்ட்டிங் டீம் ஒரு ஸ்க்ரிப்ட் வெச்சிருப்பாங்க, வேற லாங்வேஜ்ல எழுதின ஒரு சர்வீஸ் அதே டேட்டாபேஸ்ல எழுதும். இவங்க யாருக்கும் உங்க பைதான் கோடு இருக்கறதே தெரியாது. பணம், ஸ்டாக் மாதிரி தப்பாகக் கூடாத விஷயத்துக்கு ரூல் டேட்டாபேஸ் உள்ளதான் இருக்கணும், இதுல எனக்கு ரெண்டாவது கருத்து கிடையாது.

இதை ஆட்டோமேட் பண்ண வழக்கமா எல்லாரும் போற பாதை ஒண்ணு இருக்கு. ஒரு டெம்ப்ளேட் ஃபைல் எழுதி, டேபிள் பேரைக் குடுத்தா எஸ்க்யூஎல் கக்கற மாதிரி சின்ன ஸ்க்ரிப்ட் ஒண்ணு ரெடி பண்ணி, வர்றதை ரன்எஸ்க்யூஎல் மைக்ரேஷன்ல (டேபிள் மாற்றங்களை டேட்டாபேஸுக்குக் கொண்டு போற ஜாங்கோ ஃபைல்) ஒட்டிடறது. இப்பல்லாம் ஏஐ கிட்ட கேட்டாலும் அதே எஸ்க்யூஎல்லைத்தான் எழுதிக் குடுக்குது. முதல் நாள் பிரமாதமா இருக்கும். ஆறு மாசம் கழிச்சு ஃபீல்டு பேரை மாத்துவீங்க, மாடல் (டேபிளைக் குறிக்கற பைதான் கிளாஸ்) மாறும், மைக்ரேஷன் வரும், ஆனா ட்ரிக்கர் ஃபங்ஷன் உள்ள பழைய பேர் அப்படியே கெடக்கும், ஏன்னா அந்த ஃபங்ஷன் பாடி போஸ்ட்கிரெஸ்ஸைப் பொறுத்தவரை வெறும் டெக்ஸ்ட்டு. ஓடும்போதுதான் வெடிக்கும். ஒரு தடவை கோடு எழுதிக் குடுத்துட்டு ஒதுங்கிக்கற டூல் பாதி வேலைதான் செய்யுது, மாடல் மாறும்போது கூடவே வந்து மாத்திக் குடுக்கற டூல்தான் வேணும். ஜாங்கோ பிஜிட்ரிக்கரை நான் இவ்ளோ தூக்கி வெச்சுப் பேசறதுக்கு காரணம் இது ஒண்ணுதான், மிச்சமெல்லாம் இதுக்கு அப்புறம்.

ஓபன் சோர்ஸ், காசு கிடையாது, வெஸ் கெண்டல்னு ஒருத்தர் உருவாக்கினது. பிப் இன்ஸ்டால் பண்ணி இன்ஸ்டால்டு ஆப்ஸ்ல பிஜிட்ரிக்கர்னு ஒரு வரி சேத்தா போதும். அதுக்கப்புறம் மாடலோட மெட்டா கிளாஸ்ல இன்டெக்ஸ், கன்ஸ்ட்ரைன்ட் எல்லாம் லிஸ்ட்டா போடுவோம்ல, அதே மாதிரி ட்ரிக்கர்ஸ்னு ஒரு லிஸ்ட் போடறோம். மேக்மைக்ரேஷன்ஸ் ஓட்டினா மைக்ரேஷன் ஃபைல்ல ட்ரிக்கர் சேக்கற ஆபரேஷன் தானா வந்துடும், மைக்ரேட் பண்ணா டேட்டாபேஸ்ல உக்காந்துடும். லிஸ்ட்லேர்ந்து தூக்கிட்டு திரும்ப மேக்மைக்ரேஷன்ஸ் போட்டா எடுக்கற ஆபரேஷன் வரும். ஜாங்கோ தெரிஞ்ச யாருக்கும் புதுசா கத்துக்க ஒண்ணுமில்ல, இதை ரொம்ப யோசிச்சு செஞ்சிருக்காங்க.

நாங்க இதை வெச்சிருக்கறது ஒரு ஸ்டாக் மேனேஜ்மென்ட் அப்ளிகேஷன்ல. ஸ்டாக் லெட்ஜர் டேபிள்னு ஒண்ணு, அதுல ரோ சேரலாம், மாறக்கூடாது, அழியக்கூடாது, தப்பா என்ட்ரி போட்டா எதிர் என்ட்ரி போட்டு சரி பண்ணணும், கணக்குப்பிள்ளைங்க காலத்துலேர்ந்து இருக்கற ரூல்தான். இதுக்கு ப்ரொடெக்ட்னு ஒரு ரெடிமேட் கிளாஸ் இருக்கு, அப்டேட்டையும் டெலீட்டையும் சேத்து ஆபரேஷனா குடுத்து ஒரு பேர் வெச்சா முடிஞ்சது. மூணு வரி. அதுக்கப்புறம் அட்மின் பேனல்லேர்ந்து டெலீட் பண்ணாலும் சரி, ராத்திரி ஓடற ஜாப் க்வெரிசெட் அப்டேட் பண்ணாலும் சரி, யாராச்சும் பிஎஸ்க்யூஎல்ல (போஸ்ட்கிரெஸ்ஸோட கமாண்ட் லைன் டூல்) நேரா அடிச்சாலும் சரி, எர்ரர்தான் வரும்.

ஆர்டர் டேபிளுக்கு எஃப்எஸ்எம்னு இன்னொரு கிளாஸ். எந்த ஸ்டேட்டஸ்லேர்ந்து எந்த ஸ்டேட்டஸுக்குப் போகலாம்னு ஜோடி ஜோடியா குடுத்துடறோம், பெண்டிங்லேர்ந்து கன்ஃபர்ம்டு, கன்ஃபர்ம்டுலேர்ந்து டிஸ்பேட்ச்டு, இப்படி. லிஸ்ட்ல இல்லாத தாவலை டேட்டாபேஸே விடாது. இதைக் கையால எழுதணும்னா எவ்ளோ இஃப் எல்ஸ் எழுதணும்னு நெனச்சுப் பாருங்க, எழுதினாலும் ஒரு ஸ்டேட்டஸ் புதுசா வந்தா அந்த ஃபங்ஷனைத் தேடிப் போய் மாத்தணும். இங்க பைதான் லிஸ்ட்ல ஒரு ஜோடி சேத்தா மைக்ரேஷன் தானா வருது, கோடு ரிவ்யூ பண்றவர் டிஃப்ல அந்த ஒரு ஜோடியைப் பாத்தாலே பிசினஸ் ரூல் என்ன மாறுதுன்னு புரிஞ்சுக்கறார். ரீட்ஒன்லிங்கறது குறிப்பிட்ட ஃபீல்டுகளை மட்டும் இன்சர்ட்டுக்கு அப்புறம் மாறாம பூட்டி வைக்க, கிரியேட்டட் அட் மாதிரி ஃபீல்டுக்கு கண்ணை மூடிக்கிட்டு போடலாம். டெக்ஸ்ட் தேடலுக்கு வெக்கற சர்ச் வெக்டர் ஃபீல்டை அப்டேட் பண்ணவும் ஒண்ணு இருக்கு.

ரெடிமேட்ல இல்லாதது வேணும்னா ட்ரிக்கர்ங்கற பேஸ் கிளாஸை எடுத்து ஃபங்ஷன் பாடியை மட்டும் நாம எழுதணும், பிகின், எண்ட், டிக்ளேர், கிரியேட் ட்ரிக்கர் எல்லாம் அது பாத்துக்கும். ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க, ரிட்டர்ன் வரி அப்பவும் நம்ம பொறுப்புதான், மேல சொன்ன ரிட்டர்ன் நியூ ரிட்டர்ன் ஓல்டு குழி இங்க மூடப்படல. பாடி உள்ள டேபிள் பேரையும் ஃபீல்டு பேரையும் நேரா எழுதாதீங்க, ஃபங்க்னு ஒரு ஹெல்ப்பர் இருக்கு, அதுல டேபிள் பேர், ஃபீல்டு பேர் எல்லாம் மாடல்லேர்ந்து எடுத்து நிரப்பற மாதிரி ப்ளேஸ்ஹோல்டர் போடலாம். அப்படி எழுதினா நாளைக்கு டேட்டாபேஸ்ல அந்த டேபிள் பேரோ ஃபீல்டு பேரோ மாறும்போது ஜெனரேட் ஆகற எஸ்க்யூஎல்லும் மாறும், மேக்மைக்ரேஷன்ஸ் அதைக் கண்டுபிடிச்சு ட்ரிக்கருக்கும் சேத்து மைக்ரேஷன் போடும். டெம்ப்ளேட் ஸ்க்ரிப்ட்ல நான் சொன்ன அந்த ஆறு மாசம் கழிச்சு வெடிக்கற ப்ராப்ளம் இங்க இல்லாமப் போறது இதனாலதான்.

கண்டிஷன் குடுக்கற விதமும் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஜாங்கோ ஃபில்டர் எழுதற அதே ஸ்டைல்ல ஓல்டு, நியூன்னு முன்னாடி சேத்து எழுதலாம், ஏதாவது ஒரு ஃபீல்டு மாறினா மட்டும்னு சொல்றதுக்கு எனிசேஞ்ச் மாதிரி கிளாஸும் இருக்கு. இது ஃபங்ஷன் உள்ள இஃப்பா போகாது, ட்ரிக்கரோட வென் (WHEN) நிபந்தனையா போகும். அதனால கண்டிஷன் பொருந்தாத ரோவுக்கு போஸ்ட்கிரெஸ் ஃபங்ஷனையே கூப்பிடாது, நெறைய ரோ அப்டேட் ஆகற டேபிள்ல இது நல்ல மிச்சம். கையால எழுதறவங்க பெரும்பாலும் இஃப்ல எழுதி விட்டுடறாங்க, அவசரத்துல வென் பத்தி யாரும் யோசிக்கறதில்ல.

பல்க் வேலைக்கு ஸ்டேட்மென்ட் லெவல் ட்ரிக்கரும் போடலாம், போஸ்ட்கிரெஸ் 10ல வந்த ட்ரான்ஸிஷன் டேபிளை ரெஃபரன்ஸிங்னு குடுத்து பழைய ரோ எல்லாம் ஒரு பேர்ல, புது ரோ எல்லாம் ஒரு பேர்லன்னு மொத்தமா எடுத்துக்கலாம். லட்சம் ரோ இம்போர்ட் பண்ணா லட்சம் தடவை ஃபங்ஷன் ஓடாம ஒரு தடவை ஓடும். லெட்ஜர்லேர்ந்து குடோன் வாரியா டோட்டல் சேக்கற மாதிரி வேலைக்கு இதுதான் சரி, ரோ லெவல்ல பண்ணாதீங்க.

உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் பாப்போம், ஏன்னா ஜெனரேட் பண்ற எந்த டூலையும் அது கக்கறதைப் படிக்காம ப்ரொடக்ஷன்ல விடக்கூடாது. ட்ரிக்கர் பேருக்கு முன்னாடி பிஜிட்ரிக்கர்னு ஒரு ஒட்டு, பின்னாடி 5 எழுத்து ஹேஷ் (கணக்குப் போட்டு எடுக்கற குறியீடு) ஒண்ணு சேக்குது. போஸ்ட்கிரெஸ்ல பேர் அதிகபட்சம் 63 பைட்டுதான், அதுல இந்த ஒட்டெல்லாம் போக நமக்கு மிஞ்சறது 47 எழுத்து, அதைத் தாண்டினா ஆரம்பத்துலயே எர்ரர் சொல்லிடும். ட்ரிக்கர் மேல ஒரு கமென்ட்டும் போட்டு அதுல அந்த டெஃபனிஷனோட ஹேஷை எழுதி வைக்குது. மேனேஜ் கமாண்டுல பிஜிட்ரிக்கர் எல்எஸ்னு அடிச்சா ஒவ்வொரு ட்ரிக்கரும் இன்ஸ்டால் ஆகியிருக்கா, பழசாயிடுச்சா, கோடுல இல்லாம டேட்டாபேஸ்ல மட்டும் இருக்கான்னு லிஸ்ட் போட்டுக் காட்டும். ஸ்டேஜிங்ல ஒண்ணு, ப்ரொடக்ஷன்ல ஒண்ணுன்னு ட்ரிக்கர் வேற வேறயா இருக்கற அவஸ்தையைப் பட்டவங்களுக்கு இந்த ஒரு கமாண்டோட அருமை புரியும்.

ஒரே டேபிள்ல ரெண்டு ட்ரிக்கர் மோதினா எது முதல்ல ஓடும்னு சில பேர் கேக்கறாங்க. ஒரே ஈவென்ட்டுக்கு பல ட்ரிக்கர் இருந்தா போஸ்ட்கிரெஸ் அகர வரிசைல பேரைப் பாத்துதான் ஓட்டும், ஒட்டு எல்லாத்துக்கும் ஒண்ணுதாங்கறதால நீங்க வைக்கற பேர்தான் வரிசையை முடிவு பண்ணும். வரிசை முக்கியம்னா பேர் வைக்கும்போதே யோசிச்சுடுங்க.

இன்னொரு தலைவலியையும் இது எடுத்துக்குது. ட்ரிக்கர் கண்டிஷன்ல இருக்கற ஃபீல்டோட டைப்பை மாத்தப் போனா போஸ்ட்கிரெஸ் விடாது, ட்ரிக்கர்ல யூஸ் ஆகுதுன்னு எர்ரர் அடிக்கும். பிஜிட்ரிக்கர் ஜாங்கோவோட ஸ்கீமா எடிட்டர் உள்ளேயே பூந்து, அந்த நேரத்துக்கு ட்ரிக்கரை எடுத்துட்டு, டைப்பை மாத்திட்டு, திரும்ப மாட்டிடுது. கையால பண்றவங்க இதுக்கு தனியா மூணு ஸ்டெப் மைக்ரேஷன் எழுதணும்.

ட்ரிக்கரை ஒரு குறிப்பிட்ட இடத்துல மட்டும் ஓட விடாம வைக்க இக்னோர்னு ஒண்ணு இருக்கு, வித் போட்டும் யூஸ் பண்ணலாம், டெக்கரேட்டராவும் யூஸ் பண்ணலாம். சாதாரணமா டேபிள்ல ட்ரிக்கரை டிசேபிள் பண்ணா அது எல்லாருக்கும் டிசேபிள் ஆகும், டேபிள் மேல லாக்கும் எடுக்கும். இது அப்படி இல்ல, நம்ம கனெக்ஷன்ல மட்டும் ஒரு செட்டிங்கை வெச்சு, ஜெனரேட் ஆன ஃபங்ஷன் அந்த செட்டிங்கைப் பாத்துட்டு விலகிக்கும், மத்த யூசருக்கு ரூல் அப்படியே இருக்கும். ஒவ்வொரு ஃபங்ஷன்லயும் இந்த செக்கைக் கையால எழுத யாருக்கும் பொறுமை இருக்காது, ஜெனரேட் பண்றதோட உண்மையான லாபம் இங்கதான் தெரியுது. ஆனா டீம்ல யார் வேணா எங்க வேணா இக்னோர் போட்டா ப்ரொடெக்ட் போட்டதுக்கே அர்த்தமில்ல, கோடு ரிவ்யூல இதுக்குன்னு ஒரு கண்ணு வெச்சுக்கங்க.

இப்ப குறைகளுக்கு வர்றேன். சாஃப்ட்டெலீட் கிளாஸ் பாக்க ஆசையா இருக்கும், டெலீட் பண்ணா ரோ போகாம ஆக்டிவ் ஃப்ளாக் மட்டும் மாறும். ஆனா ஜாங்கோ கேஸ்கேட் டெலீட்டை (ஒரு ரோ அழிஞ்சா அதைச் சுட்டற ரோவும் கூடவே அழியறது) வழக்கமா பைதான் பக்கம் செய்யுது, டேட்டாபேஸ்ல இல்ல, அதனால கஸ்டமர் ரோ சாஃப்ட் டெலீட் ஆகி பத்திரமா நிக்கும், அதைச் சுட்டிக்கிட்டு இருக்கற அட்ரஸ் ரோ எல்லாம் நிஜமாவே அழிஞ்சு போயிடும். டாக்குமென்டேஷன்ல இதைச் சொல்லியிருக்காங்க, ஆனா கிளாஸ் பேரை மட்டும் பாத்துட்டு போடறவங்க மாட்டுவாங்க. ஃபாரின் கீயோட ஆன் டெலீட்டை ப்ரொடெக்ட்டோ டூ நத்திங்கோ ஆக்காம இதைப் போடவே போடாதீங்க.

டெலீட்டைத் தடுத்துட்டோம்னு நிம்மதியா இருக்கறவங்களுக்கு இன்னொண்ணு, ட்ரன்கேட் (டேபிளை மொத்தமா காலி பண்ற கமாண்ட்) அடிச்சா டெலீட் ட்ரிக்கர் ஓடாது. அதுக்கு தனியா ஸ்டேட்மென்ட் லெவல்ல ட்ரன்கேட் ஆபரேஷனுக்கு ஒரு ப்ரொடெக்ட் போடணும், பிஜிட்ரிக்கர்ல அது முடியும். ஆனா போட்டா ஜாங்கோவோட ட்ரான்ஸாக்ஷன் டெஸ்ட்கேஸ் ஒவ்வொரு டெஸ்ட் முடிஞ்சதும் ட்ரன்கேட் பண்ணித்தான் டேபிளை காலி பண்ணும், அது உடையும், டெஸ்ட் செட்டிங்ல அந்த ட்ரிக்கரை எடுத்து வைக்க ஒரு வழி பண்ணிக்கணும்.

எர்ரர் மெசேஜ் விஷயத்துல எதிர்பார்ப்பைக் குறைச்சுக்கங்க. ட்ரிக்கர் தூக்கற எர்ரர் டேட்டாபேஸ் எக்ஸெப்ஷனாத்தான் மேல வரும், வேலிடேஷன் எர்ரரா வராது, ஃபார்ம்ல அழகா ஃபீல்டுக்குக் கீழ சிவப்புல காட்டாது. அதைப் பிடிச்சு யூசருக்குப் புரியற மாதிரி மாத்தற கோடை நாமதான் எழுதணும். நாங்க ஃபார்ம்லயும் செக் பண்றோம், ட்ரிக்கரைக் கடைசிக் காவலா வெச்சிருக்கோம்.

அப்புறம் மைக்ரேஷன் ஃபைல்ல ஃபங்ஷன் பாடி ஒரே வரில நீளமா ஸ்ட்ரிங்கா வரும், கண்ணு வலிக்கும். அதைப் படிக்காதீங்க, எஸ்க்யூஎல்மைக்ரேட் ஓட்டி முழு எஸ்க்யூஎல்லைப் பாருங்க, ரிவ்யூக்கு அதையே ஒட்டிக் குடுங்க. ட்ரிக்கர் மாறும்போது பழசை ட்ராப் பண்ணிட்டு புதுசைப் போடும், ட்ராப் பண்றதுக்கு டேபிள் மேல பெரிய லாக் வேணும், ரீடு கூட நிக்கும். வேலை நொடில முடிஞ்சிடும், ஆனா ஏற்கனவே ஒரு நீளமான க்வெரி ஓடிக்கிட்டு இருந்தா மைக்ரேஷன் அதுக்குக் காத்திருக்கும், அதுக்குப் பின்னாடி வர்ற எல்லா க்வெரியும் வரிசைல நிக்கும். லாக் டைம்அவுட்டை சின்னதா வெச்சுட்டு ஓட்டுங்க, கிடைக்கலைன்னா தோத்துப் போகட்டும், திரும்ப ஓட்டிக்கலாம்.

நம்ம கையால எழுதற பாடியைப் பத்தி ஒரு எச்சரிக்கை, ஃபங்ஷனை உருவாக்கும்போது போஸ்ட்கிரெஸ் சின்டாக்ஸ் மட்டும்தான் பாக்கும், இல்லாத டேபிளை எழுதியிருந்தா கூட கம்முனு ஏத்துக்கும். பிஎல்பிஜிஎஸ்க்யூஎல் செக்னு ஒரு எக்ஸ்டென்ஷன் இருக்கு, அதை சிஐல (கோடு மாறும்போதெல்லாம் தானா ஓடற செக்) ஓட்டினா முக்கால்வாசி இந்த மாதிரி தப்பு மாட்டிடும். அதோட ஒவ்வொரு ட்ரிக்கருக்கும் டெஸ்ட் எழுதுங்க, சேவ் பண்ணி ஒண்ணு, க்வெரிசெட் அப்டேட் பண்ணி ஒண்ணு. ஜெனரேட் ஆன கோடுக்கு டெஸ்ட் வேணாம்னு நெனைக்கறதை நான் ஒத்துக்கவே மாட்டேன்.

யாரு எப்ப எதை மாத்தினாங்கன்னு ஹிஸ்டரி வைக்கறதுதான் உங்க வேலைன்னா நேரா இதுல இறங்காதீங்க, இதே வெஸ் கெண்டல் எழுதின பிஜிஹிஸ்டரி இருக்கு, அது பிஜிட்ரிக்கர் மேலதான் ஓடுது, மாடல் மேல ஒரு டெக்கரேட்டர் போட்டா ஈவென்ட் டேபிளும் ட்ரிக்கரும் அதுவே உண்டாக்கிடும். எந்த ரிக்வெஸ்ட்ல எந்த யூசர் மாத்தினார்ங்கற விவரத்தையும் சேத்து வெச்சுக்கும். ஆடிட் வேலைக்கு ட்ரிக்கர் பாடியை இனிமே யாரும் கையால எழுதத் தேவையே இல்ல.

ஜாங்கோ இல்லாம எஸ்க்யூஎல்அல்கெமி, அலெம்பிக் பக்கம் இருக்கறவங்க அலெம்பிக் யூடில்ஸ் பாருங்க, ஃபங்ஷனையும் ட்ரிக்கரையும் பைதான்ல டிக்ளேர் பண்ணா ஆட்டோஜெனரேட்ல மைக்ரேஷன் வரும், ஆனா எஸ்க்யூஎல் முழுக்க நீங்கதான் எழுதணும், ப்ரொடெக்ட் எஃப்எஸ்எம் மாதிரி ரெடிமேட் சரக்கு அங்க கிடையாது. ரூபில ஹேர்ட்ரிக்கர்னு ஒரு ஜெம் இருக்கு, அதுவும் மாடல்ல டிக்ளேர் பண்ற ஸ்டைல்தான், மைஎஸ்க்யூஎல்லுக்கும் ஓடும். பிஜிட்ரிக்கர் போஸ்ட்கிரெஸ்ஸுக்கு மட்டும்தான், மைஎஸ்க்யூஎல்ல ஜாங்கோ ஓட்டறவங்களுக்கு இது ஆகாது.

புதுசா ஆரம்பிக்கறவங்க எல்லா டேபிளுக்கும் ஒரே நாள்ல போடாதீங்க. எந்த டேபிள்ல ஒரு ரோ தப்பானா உங்களுக்கு ராத்திரி ஃபோன் வருமோ அந்த டேபிளுக்கு ஒரு ப்ரொடெக்ட் போட்டு ஸ்டேஜிங்ல ஒரு ரிலீஸ் ஓட விடுங்க, உங்களுக்கே தெரியாம எந்தெந்த கோடு அந்த டேபிள்ல கை வெச்சுக்கிட்டு இருந்துச்சுன்னு எர்ரர் லாக்ல வரிசையா வரும், அதையெல்லாம் சரி பண்ணிட்டு அடுத்த டேபிளுக்குப் போங்க.